தள்ளாமைக்கு வயசு மட்டுமே காரணமா? அம்பத்தூர் - ஆவடி - பூந்தமல்லி வழியே ஒரு பயணம்!

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் இருந்து கிளம்பும் புறநகர் ரயிலில் ஏறி, வில்லிவாக்கத்தைத் தாண்டினால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். காலை நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இளைஞர் கூட்டம் நடைமேம்பாலத்தில் தடதடவென்று ஏறிப் போகும். அந்தக் கூட்டம் கலைந்த பிறகுதான் இன்னும் சிலர் கண்ணில் படுவார்கள். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பாதியில் நின்று மூச்சு வாங்கி ஏறுபவர்கள்.

'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்பது பொதுவான சமாதானம். ஆனால், அதே படியில் 75 வயதுக்காரர் ஒருவர் காய்கறிப் பையோடு சாதாரணமாக ஏறுவார். 65 வயதுக்காரர் திணறுவார். வயது மட்டும்தான் காரணம் என்றால், இது எப்படி நடக்கும்?

இதற்குத் தமிழில் அருமையான ஒரு சொல் உண்டு: தள்ளாமை. மூப்பு வேறு, தள்ளாமை வேறு. மூப்பு எல்லோருக்கும் வரும். தள்ளாமையைத் தள்ளிப்போடலாம், ஓரளவு திருப்பவும் செய்யலாம் என்பதுதான் கடந்த 30 ஆண்டுகளுக்கும் மேலான மருத்துவ ஆய்வுகள் சொல்லும் நல்ல செய்தி.

சைக்கிளும் டாங்கியும் செய்த கைகள்

மேற்குப் புறநகர் உழைப்பால் உருவான ஊர். 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் இருந்துதான் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை நாடு முழுக்க அனுப்பியது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. இந்தியாவில் தயாரான விஜயந்தா டாங்கி 1965-ல் அங்கிருந்து வெளிவந்தது.

அந்த வருடம் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இன்று 80-ஐத் தொட்டிருப்பார். லேத் பிடித்த கை, ஷிப்டுக்கு சைக்கிள் மிதித்த கால். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இன்னும் பல ஆண்டுகள் வாழப்போகும் இவர்கள், சொந்தக் காலில் நடந்து வாழப்போகிறார்களா என்பதுதான் கேள்வி.

ஐந்து அறிகுறிகள்

தள்ளாமையை முதன்முதலில் தெளிவான அளவுகோலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீட். 65 வயதைக் கடந்த 5,317 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 2001-ல் அவரது குழு ஐந்து அறிகுறிகளைப் பட்டியலிட்டது.

• முயற்சி எதுவும் செய்யாமலே ஒரு வருடத்தில் எடை நாலரை கிலோ அளவுக்குக் குறைவது
• எதைச் செய்தாலும் அசந்துபோவது
• கைப்பிடியின் பலம் குறைவது
• நடையின் வேகம் குறைவது
• அன்றாட நடமாட்டம் குறைவது

மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி. இந்த முந்தைய படியில் கண்டுபிடித்துவிட்டால், திரும்பி வருவது சுலபம்.

தசை பலத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். 6 மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்க 6 விநாடிக்கு மேல் ஆனாலும் அப்படித்தான். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்துபார்ப்பது நல்லது. தலைசுற்றல், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரிடமே செய்துகொள்ளலாம்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில்...

ஆவடியில் இருந்து பூந்தமல்லி போகும் சாலையில் இருக்கிறது பருத்திப்பட்டு ஏரி. சீரமைக்கப்பட்டு 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஏரியை ஒட்டிய நடைபாதை, காலையும் மாலையும் நடப்பவர்களுக்கு வரப்பிரசாதம். இந்த நடைக்கு என்ன பலன்?

அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடந்த 'லைஃப்' ஆய்வு 2014-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நடை, தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி. மற்றவர்களுக்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள். சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, 400 மீட்டர் தூரத்தை நடக்க முடியாத நிலைக்கு ஆளானவர்கள் வகுப்புப் பிரிவில் 100-க்கு 35 பேர். பயிற்சிப் பிரிவில் 30 பேர். வித்தியாசம் சிறியதுபோலத் தெரியலாம். ஆனால், 400 மீட்டர் என்பது தெருமுனைக் கடை, கோயில், பஸ் ஸ்டாப். அதை இழந்தால் வெளியுலகமே போய்விடும்.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். போஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாக 87 வயதான 100 பேரிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. வாரம் மூன்று நாள் எனப் பத்து வாரம், காலுக்கு எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரு மடங்குக்கு மேல் கூடியது. படி ஏறும் திறனும் கூடியது. வெறும் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. டப்பாவில் வரும் சத்துமாவை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தள்ளாமையைப் போக்கும் மாத்திரை என்று எதுவும் இன்றுவரை இல்லை.

ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதுமா?

அதற்காக, சாப்பாடு முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. பயிற்சி செய்யும் தசைக்குப் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமில் இருந்து 1.2 கிராம் வரை தினமும் புரதம் தேவை என்பது நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 60 கிராமாவது வேண்டும். பல வீடுகளில் பாட்டிக்குக் காலையில் காபி, மதியம் கொஞ்சம் ரசம் சாதம், ராத்திரி இரண்டு இட்லி. இதில் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி சுண்டல் ஒவ்வொன்றிலும் சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். பல்செட் சரியில்லாததால், கண்புரையால், ஒரே நேரத்தில் பல மாத்திரைகள் எடுப்பதால் வரும் தளர்ச்சியும் உண்டு. இவை எல்லாமே சரிசெய்யக் கூடியவை.

பூந்தமல்லிக்கு வந்த பெருமாள்

பூந்தமல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கிருந்து தினமும் பூமாலையோடு காஞ்சிபுரம் வரை நடந்துபோய் வரதராஜரைச் சேவித்தவர் என்கிறது தல வரலாறு. முதுமையில் அவரால் நடக்க முடியாமல்போனபோது, பெருமாளே அவரைத் தேடி பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்தாராம். வரதராஜப் பெருமாள் கோயிலில் இன்றும் பக்தர்கள் நெகிழ்ந்து சொல்லும் கதை இது.

நடக்க முடியாதவரைத் தேடிப் போக வேண்டும் என்ற அந்த எண்ணம் மருத்துவத்திலும் வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருக்கும் முதியவருக்குக் காலை அசைக்கக் கற்றுத்தர ஒருவர் வருவது சின்ன விஷயமல்ல.

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்குப் பழைய பெருமையும் உண்டு. டாக்டர் வி.எஸ்.நடராஜன், இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவை 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் வந்தது. ஆவடியில் ரயில் ஏறினால், சென்ட்ரலுக்கு எதிரிலேயே அந்த மருத்துவமனை. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024-ல் திறக்கப்பட்டுவிட்டது.

பாசமும் முடக்கும்!

மருத்துவமனை வரை போவதற்கு முன், வீட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'நீ உட்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்', 'அப்பா, நீங்க வெளியே போக வேணாம், டிராஃபிக்கா இருக்கு' என்று பாசத்தில் சொல்லிச் சொல்லியே பெரியவர்களை நாற்காலியோடு கட்டிப்போடும் வீடுகள் ஏராளம். பயன்படுத்தாத தசை வேகமாகக் கரையும். உடைந்த நடைபாதையும், பைக் நிறுத்திய ஓரமும், உயரமான பஸ் படியும் அந்தப் பயத்தை நியாயமாக்குகின்றன என்பதும் உண்மை. சமமான நடைபாதை, உட்கார ஒரு பெஞ்ச், ஓடுகிற லிஃப்ட் ஆகியவையும் முதியவர்களுக்கு மருந்துதான். இதைக் கவுன்சிலரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை, பால் பாக்கெட் வாங்கிவரும் வேலையைத் தாத்தாவிடம் இருந்து பிடுங்க வேண்டாம். வேண்டுமானால், கூடவே யாராவது ஒருவர் நடந்து போகலாம்.