இரண்டு டயருக்கு நடுவே ஒரு கை

பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவே டயர்க்காரர் விரல்களைச் சேர்த்துக் கையைப் பக்கவாட்டாக விடுகிறார். கை தாராளமாகப் போனால் ஒன்றும் பேசுவதில்லை. விரல் முட்டி உரசினால் தலையை ஆட்டுகிறார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்துச் சாலையோர டயர் கடைகளில் முதலில் கண்ணில் படுவது சம்மட்டியும் கம்ப்ரசரும்தான். நின்று கவனித்தபோது எனக்கு இந்தக் கைதான் பெரிதாகப் பட்டது. லாரிக்குக் கூடு கட்டுவதில் பேர் வாங்கிய வட்டாரம் இது. கூடு கட்டுகிற ஆசாரிக்கும், அதில் மயிலும் தாமரையும் வரைகிற பெயின்டருக்கும் இருக்கிற மரியாதையில் பாதிகூட டயர் மாட்டுகிறவருக்கு இல்லை. ‘பஞ்சர் கடைக்காரர்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம். அந்தத் தொழிலின் உயிர் இருப்பது டயரை மாட்டும் பலத்தில் அல்ல, எதை மாட்டக் கூடாது என்று தீர்மானிக்கும் அறிவில் என்று நான் நினைக்கிறேன். அந்த அறிவுக்குத்தான் கூலி கிடையாது.

இதைப் பார்க்கத் தோதான இடம், சின்ன லாரிக்குப் பெரிய டயர் போடும் பழக்கம். டாடாவின் 407 வண்டி 1986-ல் வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக நான்கு என்று ஆறு சக்கரம். இந்த வகைச் சின்ன லாரிகளில் அதிகம் காண்பது 7.50-16 அளவு, அதாவது ஏழரை அங்குல டயர். (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் அது என் குற்றமில்லை.) செங்கல்லும் கோழித் தீவனமும் ஏற்றுகிற உரிமையாளருக்கு அடுத்த அளவான 8.25-16 மேல் ஒரு கண். வண்டி கொஞ்சம் உயரும், மேட்டுக் காட்டுத் தடத்தில் அடி தட்டாது, டயர் கூடுதல் எடை தாங்கும், பார்வைக்கும் கம்பீரம். ரிம் விட்டம் இரண்டுக்கும் அதே 16 அங்குலம் என்பதால் பழைய டிஸ்கிலேயே, அதாவது டயரைத் தாங்கும் இரும்புச் சக்கரத்திலேயே, உட்கார்ந்தும்விடும். சிக்கலே உட்கார்ந்துவிடுவதில்தான் இருக்கிறது.

ஏழரை டயரின் அகலம் சுமார் 215 மில்லிமீட்டர், எட்டேகாலின் அகலம் சுமார் 235. ஒற்றைச் சக்கரமாக இருந்தால் இந்த 20 மில்லி பெரிய விஷயமே இல்லை. ஜோடியில் கதை வேறு. இரண்டு டிஸ்கும் முதுகோடு முதுகு ஒட்டி ஒரே ஹப்பில் முடுக்கப்படுகின்றன. ஆகவே இரண்டு டயரின் நடுக்கோட்டுக்கும் இடையேயான தூரத்தை டிஸ்க் தீர்மானிக்கிறது, டயர் அல்ல. உள் டயர் வெளிப்பக்கமாக 10 மில்லி, வெளி டயர் உள்பக்கமாக 10 மில்லி பெருத்தால், நடுச் சந்து அப்படியே 20 மில்லி குறைகிறது. இதுவும் வெறும் வண்டிக் கணக்கு. பாரம் ஏறியதும் தரையைத் தொடும் இடத்தில் டயரின் வயிறு பிதுங்கும். காலி வண்டியில் ஒரு விரல் போகிற சந்து, லோடு ஏற்றி வளைவில் சாயும்போது மூடிக்கொள்ளும். பக்கச்சுவரோடு பக்கச்சுவர் உரசும், சூடேறும், உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் கொஞ்சம் கொஞ்சமாக இறந்துபோகும். நடுவில் ஒரு ஜல்லி சிக்கினால் அது வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துவைக்கும். கையை விட்டுப் பார்க்கிறவர் அளப்பது இப்போதைய சந்தை அல்ல, முழுப் பாரம் நிற்கும்போது மிச்சமிருக்கப் போகிற சந்தை.

விட்டக் கணக்கும் உண்டு. ஏழரை டயர் சுமார் 805 மில்லி, எட்டேகால் சுமார் 855. ஆறு சதவீதம் பெரிது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 64-ல் போகும், ஏற்றத்தில் இழுவை அதே விகிதத்தில் குறையும், பிரேக் டிரம் மட்டும் பழைய டிரம்தான். இவையெல்லாம் ஓட்டுநருக்குச் சீக்கிரமே உறைத்துவிடும். உறைக்காத ஆபத்து ஜோடிப் பொருத்தம். ஒரு ஜோடியில் ஒன்று மற்றதைவிட 6 மில்லி விட்டம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டியிருப்பதால் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்ற வழியில்லை; வித்தியாசத்தை ரப்பர்தான் தேய்ந்து தீர்க்க வேண்டும். 800 மில்லி டயரில் 6 மில்லி என்பது முக்கால் சதவீதம். நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் முக்கால் கிலோமீட்டர் உருளாமல் இழுபடுகிற கணக்கு இது. உயரமான டயர் பாரத்தை வாங்கிச் சூடாகும், குட்டையானது தரையைத் தேய்த்துக்கொண்டே கூட வரும். அதனால்தான் பொறுப்பான கடையில் டயர் மேல் டேப்பைச் சுற்றி அளந்து, பக்கச்சுவரில் சாக்பீஸால் எண்ணைக் கிறுக்கி, எண் ஒத்துப்போகிற இரண்டை மட்டும் ஜோடி சேர்க்கிறார்கள். ரீட்ரெட் போட்ட பழசை இன்று வாங்கிய புதுசோடு சேர்க்கச் சொல்கிற உரிமையாளர்தான் இங்கே பெரிய தலைவலி.

ஜோடி ஒருபோதும் சரிசமமாகச் சுமக்காது என்பது டயர் கம்பெனிகளுக்கும் தெரியும். பக்கச்சுவரில் 122/118 என்று பொறித்திருந்தால், அந்த டயர் தனியாக 1500 கிலோவும் ஜோடியில் 1320 கிலோவும் தாங்கும் என்று பொருள். அதே டயர்தான், பக்கத்தில் துணை வந்ததும் 180 கிலோ குறைத்தே நம்புகிறார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: ‘எத்தனையோ வண்டி எட்டேகால் போட்டு வருஷக்கணக்கா ஓடுதுங்க, என்ன ஆயிடுச்சு?’ ஓடுகின்றன, உண்மைதான். விசாரித்துப் பார்த்தால் ஒழுங்காக ஓடுகிற வண்டிகளில் டயரோடு டிஸ்கும் மாறியிருக்கிறது. எட்டேகாலுக்கு என்றே வருகிற அகல ரிம், அதற்கேற்ற குழிவு, அதனால் அதற்கேற்ற சந்து. செலவை மிச்சம் பிடிக்க நடுவே ஸ்பேசர் தகடு வைக்கிறவர்களும் உண்டு. தகட்டின் கனம் அளவுக்கு ஸ்டட்டில் நட் பிடிக்கிற மரை குறையும் என்பதால், சந்தைச் சரிசெய்யப் போய்ச் சக்கரத்தையே தளர்த்திய கதையாகிவிடும். இரண்டும் செய்யாமல் ஓடிய வண்டிகளின் உள் டயர்கள் என்ன ஆயின என்பதை உரிமையாளரிடம் கேட்பதைவிடக் கடையின் பின்புறக் குவியலில் பார்ப்பது நல்லது. தரையில் படும் பட்டன் பாதிகூடத் தேயாமல், பக்கச்சுவரில் மட்டும் வளையமாகக் கருகிச் சுரண்டிய டயர்கள் அங்கே கிடக்கின்றன. ரோட்டில் வெடித்தபோது அவற்றின் மேல் எழுதப்பட்ட காரணம் ‘வெயில்’.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. கம்பெனி புத்தகத்தில் அளவு இருக்கிறது. பதிவுச் சான்று விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. பெரிய டயர் போட்டதால் அச்சின் தாங்குதிறன் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. அப்படியிருக்க, டயர்க்காரரின் தீர்ப்புக்கு இங்கே என்ன வேலை? புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் புத்தகம் ஒரே தேதியில் வாங்கிய ஆறு புது டயரையும், எழுதிய அளவு பாரத்தையும் மனதில் வைத்துப் பேசுகிறது. கடைக்கு வருவது வெவ்வேறு வயதுள்ள டயர், துரு ஏறிய டிஸ்க், மரை தேய்ந்த ஸ்டட், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட லோடு. புத்தக அளவையே போட்டாலும் எந்த இரண்டைச் சேர்ப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கும். அதற்கு அந்த இடத்தில் இருக்கிறவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் தவறினால் முதலில் அடிபடுவதும் அவரே. இந்தச் சின்ன லாரிகளில் டியூப், ஃபிளாப், டயர் கழன்றுவிடாமல் பிடிக்கும் லாக் ரிங் ஆகியவற்றோடு வரும் டிஸ்க் இன்னும் நிறைய. ரிங் தன் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் நூறு பவுண்டு காற்றை ஏற்றினால், அதன்மேல் பல டன் விசை காத்திருக்கும். கிளம்பினால் ஆளைத் தாண்டிக் கூரையைத் துளைக்கும். அமெரிக்காவில் 1980-லேயே இத்தகைய ரிம்மை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று நிரப்ப வேண்டும் என்று தொழிலாளர் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. இங்கே பல கடைகளில் கூண்டு இல்லை. ரிங் பக்கத்தைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, எட்ட நின்று, இடையிடையே காற்றை நிறுத்திச் சின்னச் சுத்தியலால் டிஸ்கைத் தட்டி ஓசை கேட்கிறார்கள். நான் பார்த்த கடையில் தட்டியவர் அந்த நேரம் செல்போன் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

டியூப்லெஸ் ரேடியல் வந்தால் லாக் ரிங் போகும், ஜோடியும் சந்தும் போகாது. போக வேண்டியது கூலிக் கணக்குதான். கழற்றி மாட்டினால் டயருக்கு இவ்வளவு என்று காசு. ‘இந்த டிஸ்க்குல இது வேண்டாமுங்ணா’ என்று சொல்லி அனுப்பினால் அன்றைய வரும்படி போச்சு, பக்கத்துக் கடை அதை மாட்டிவிடும். பரிசோதிப்பதற்கென்று தனிக் கட்டணம் வைத்தால் வாடிக்கையாளர் தருவாரா என்று கேட்கலாம். எடை மேடையில் வண்டியை நிறுத்தி எண்ணை மட்டும் தெரிந்துகொள்ள அதே ஓட்டுநர் காசு தருகிறார். அளவுக்கு விலை கொடுப்பது அவருக்குப் புதிதில்லை.

இப்போதைக்கு அந்த அறிவு இலவசமாகத்தான் போகிறது. சக்கரம் மாட்டி நட்டை எதிரெதிராக முடுக்கி முடித்ததும், ‘அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ஒருதரம் நட்டை டைட் வெச்சுட்டுப் போங்கண்ணா, காசு வேண்டாம்’ என்கிறார் டயர்க்காரர். ஓட்டுநர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தீவன மூட்டை ஏற்றப் போகிறார். திரும்பி வருகிறவர்கள் பத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார்.