பக்கத்து வீட்டுப் பகையாளி

விருதுநகரில் வாழ்கிறவர்களுக்குப் பகை என்றால் என்னவென்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. ஒரே தெருவில் இரண்டு மண்டிகள், ஒரே சரக்கு, இரண்டு கல்லாப் பெட்டிகள். வற்றல் மூட்டைக்கு ஒருவர் விலையைக் கொஞ்சம் இறக்கினால், மற்றவர் மூன்று தலைமுறைக்கு அதை மறக்க மாட்டார். தாத்தாக்கள் எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்பது பேரன்களுக்குத் தெரியாது. பேசக் கூடாது என்பது மட்டும் தெரியும். பங்குனிப் பொங்கலன்று இரு குடும்பத்தாரும் ஒரே மாரியம்மன் சந்நிதியில்தான் நிற்பார்கள். அம்மனைப் பார்ப்பார்களே ஒழிய, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

ஆகையால், தாய்லாந்து நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தபோது, அந்நிய தேசத்துக் கதையைப் பார்க்கிறோம் என்ற உணர்ச்சியே எனக்கு ஏற்படவில்லை. 'பேட் பட்டி' என்பது அதன் பெயர். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலீஷ் பெயர்தான், 'பொல்லாத தோழன்' என்று பொருள் சொல்லலாம். 2021 அக்டோபரில் தொடங்கி 2022 ஜனவரியில் முடிந்த தொடர். மொத்தம் 12 பகுதிகள். ஒரு நாவலைத் தழுவி எடுத்தது.

பத், பிரான் என்று இரண்டு இளைஞர்கள். அடுத்தடுத்த வீடு. குடும்பங்கள் தொழிலிலும் போட்டி, மனத்திலும் பகை. படிப்பு, பாட்டு, விளையாட்டு எல்லாவற்றிலும் ஒருவனை ஒருவன் முந்தியாக வேண்டும் என்பது பெற்றோர் கட்டளை. கல்லூரிக்குப் போனால் அங்கே ஒருவன் எஞ்சினீயரிங், மற்றவன் கட்டடக் கலை. அந்த இரு பிரிவு மாணவர்களுக்கும் ஓயாத சண்டை. இப்படிப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். அதுதான் கதை.

இரண்டு ஆண்பிள்ளைகள் காதலிப்பதாவது என்று புருவத்தை உயர்த்தும் வாசகர் யாராவது இருக்கக்கூடும். அவரை நான் கடிந்துகொள்ளப் போவதில்லை. கொஞ்ச தூரம் பொறுமையாக உடன் வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசிப் பக்கத்தில் வெடிக்குத் திரி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பற்ற வைத்தவன் விலகி நிற்க அவகாசம் வேண்டும். திரி அந்த அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் பார்க்கிறவனுக்கு அலுப்பு. டைரக்டர் நோப்பர்னாச் சைவிமோன் இந்தக் கணக்கு அறிந்தவர். 4 பகுதிகள் வரை வெறும் கேலியும் போட்டியும் பொய்ச் சண்டையுமாகத் திரி எரிகிறது. ஐந்தாம் பகுதியின் முடிவில், ஒரு மொட்டை மாடியில், அது வெடிக்கிறது. ஒரு முத்தம், அதன் பிறகு பிரான் விலகிப் போய்விடுகிறான். பத் தனியாக நிற்கிறான். ஆசை நிறைவேறிய கணத்திலேயே அச்சமும் வந்துவிடுகிறது. நனோன் கோராபத், ஓம் பவாத் என்ற இரண்டு நடிகர்களும் அந்த இடத்தில் வசனத்தை நம்பவில்லை; முகத்தை நம்பினார்கள்.

இரண்டாவது நிறை: இந்த வகைத் தொடர்களில் இருவரில் ஒருவனை மனைவி ஸ்தானத்தில் வைத்துக் கிண்டல் செய்யும் வழக்கம் உண்டு. இங்கே அந்த வழக்கத்தையே கிண்டல் செய்கிறார்கள். இருவரும் சமம், இருவரும் பிடிவாதக்காரர்கள். மூன்றாவது, பெரியவர்களின் பகைக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். பிரானின் தாய் இளமையில் ஒரு படிப்பு உதவித்தொகையை இழந்தவள். இழந்தது பத்தின் தந்தையால். வில்லன் என்று ஒருவரும் இல்லை. ஆறாத புண் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இதைக் கண்டு எனக்குச் சற்றுப் பொறாமைகூட உண்டாயிற்று.

இனி குறைகள். சிவகாசிக் காலண்டரில் மேலே சரஸ்வதி வீற்றிருப்பாள். கீழே கடைக்காரர் பெயரும் விலாசமும் இருக்கும். யாருக்கும் அது உறுத்துவதில்லை. ஏனென்றால் கடைக்காரர் தம் எல்லையோடு நிற்கிறார். சரஸ்வதியின் கையிலிருந்து வீணையை வாங்கிக்கொண்டு தம் சரக்கைக் கொடுப்பதில்லை. இந்தத் தொடரிலோ காதலர் இருவரும் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு வியாபாரச் சரக்கு உள்ளே நுழைந்து தன் பெருமையைச் சொல்லிக்கொள்கிறது. பத்தின் தங்கைக்கும் இங்க் என்ற பெண்ணுக்கும் இடையே இன்னொரு காதல் வருகிறது. அழகான தொடக்கம், ஆனால் கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு, இழை போடாமல் எழுந்து போனது போல் விட்டுவிட்டார்கள்.

பெரிய குறை வேறு. இந்தக் கதையில் காதலுக்குத் தடை குடும்பப் பகை ஒன்றுதான். பகை மட்டும் இல்லாவிட்டால், இரண்டு ஆண்கள் கைகோத்து நடப்பதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் போலிருக்கிறது. பார்க்க இதமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தேசத்திலேயே அன்று நிலைமை அவ்வளவு இதமாக இல்லை. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளலாம் என்ற சட்டம் தாய்லாந்தில் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரி 23-ஆம் தேதிதான். நம் நாட்டில், வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பரில். அப்படிப்பட்டவர்களுக்குக் கல்யாண உரிமையைத் தர மறுத்தது 2023 அக்டோபரில்.

தொடர் வெளியான அதே 2021-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிப்போனார்கள். பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். ஹைகோர்ட்டில் வழக்கு நடந்தது. அதை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்குச் சரியாக விளங்கவில்லை என்று சொல்லி, மனநல நிபுணர் ஒருவரிடம் தாமே போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். பிறகுதான் ஜூன் மாதம் உத்தரவு எழுதினார். பத்தும் பிரானும்கூட வீட்டை விட்டு ஓடுகிறார்கள். ஒரு கடற்கரைக் கிராமத்தில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களைத் தேடிப் போலீஸ் வரவில்லை.

நிற்க. இந்தத் தொடரை நானாகத் தேடிப் பார்க்கவில்லை. கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று பார்க்கச் சொல்லிற்று. தபால் முத்திரை சிவகாசி. பட்டாசு ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுவதாகவும், தீபாவளி வசூல் முடிந்ததும் வீட்டில் பெண் பார்க்கப் போவதாகவும் அந்த வாசகர் எழுதியிருந்தார். "கடைசிப் பகுதி சுபமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள் ஐயா" என்று முடித்திருந்தார். விலாசம் இல்லாததால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கடைசிப் பகுதியில் சில ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பிரான் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறான். பெற்றோர் எதிரில் இருவரும் இன்னும் பகையாளிகள் போலவே நடிக்கிறார்கள். மறைவில் பழைய அன்பு அப்படியே இருக்கிறது. இது கோழைத்தனம் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. இதுதான் உண்மை என்று சொல்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. பெற்றோரை ஒரே நாளில் திருத்திக் கட்டித் தழுவ வைக்கும் முடிவைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த ஒளிவு மறைவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை என்ன என்பதைக் கதை காட்டவில்லை. எல்லாவற்றையும் கண்ணாமூச்சி விளையாட்டாக முடித்துவிட்டது.

தம்பி, ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பத்தும் பிரானும் மறைத்தார்கள், நடித்தார்கள், பொய் சொன்னார்கள். ஆனால் அந்தப் பொய்யை மூடுவதற்கு மூன்றாவதாக ஒருத்தியை அழைத்து வந்து மணையில் உட்கார வைக்கவில்லை. என் கணக்கில் அந்த முடிவு சுபம் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகத்தான். நம் பக்கத்தில் இப்படி மறைத்து வைக்கிற கதைகள் பல கல்யாணப் பந்தலில்தான் போய் முடிகின்றன. ஊர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஒன்றும் அறியாத ஒரு பெண், தன்னிடம் என்ன குறை என்று வாழ்நாள் முழுதும் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை வைத்து யாரும் தொடர் எடுப்பதில்லை.

ஊர் கூட்டிச் சொல்லுங்கள் என்று நான் உபதேசிக்க மாட்டேன். அந்த வீட்டில் நான் குடியிருக்கவில்லை. சொல்லவும் சொல்லாமலிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பெண் பார்க்கப் புறப்படும் காரில் ஏறாமலிருக்கலாம். 'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்று சொல்லலாம். காரணம் கேட்பார்கள், அழுவார்கள், சோறு இறங்காது. அக்காளோ சித்தியோ, காது கொடுத்துக் கேட்கக்கூடியவர் ஒருவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். ஹைகோர்ட் நீதிபதியே உட்கார்ந்து கற்றுக்கொண்ட பாடத்தை உங்கள் சித்தியாலும் கற்றுக்கொள்ள முடியும். நாளாகலாம், அதனால் என்ன?

அடுத்த கடிதத்தில் விலாசம் எழுதுங்கள். பதிலைத் தபாலில் அனுப்புகிறேன்.