ஓவர்ஃப்ளோ!

மொட்டை மாடி மல்லிகைக்குத் தினமும் ஒரே ஒரு நிமிஷம் தண்ணீர். அதற்காக அர்டுய்னோ போர்டில் புரோகிராம் எழுதினேன். 60 * 1000 மில்லி செகண்ட். 'இன்டீஜர் ஓவர்ஃப்ளோ' என்று முனகியது கம்பைலர். எரர் இல்லையே, வெறும் வார்னிங்தானே! மோட்டாரை இணைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிட்டேன்.

அந்தச் சில்லில் சாதாரண இன்டீஜர் 2 பைட். 32,767க்கு மேல் எண்ணத் தெரியாது. 60,000 அதற்கு மைனஸ் 5,536. 'டிலே'வுக்கோ மைனஸே தெரியாது. பெரிய பிளஸ்ஸாக எடுத்துக்கொண்டது. ஒரு நிமிஷம், 49 நாளாகிவிட்டது!

மாடியெல்லாம் வெள்ளம், டாங்க் காலி. கீழ் வீட்டுப் பாட்டி இரண்டு நாள் குடத்தோடு தெருக்குழாய்க்கு நடந்தாராம். திரும்பி வந்ததும் திட்டவில்லை. "ஏம்ப்பா, அந்த மெஷின் உன்கிட்ட முன்னாடியே சொல்லலையா?" என்றார்.

சொல்லிச்சு பாட்டி. எனக்குத்தான் காது கேக்கலை.

இப்போது 'ஸ்டாடிக் அஸர்ட்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நேரத்துக்கு 4 பைட் ஒதுக்காவிட்டால் கம்பைலே ஆகாது. வரும் மெசேஜும் நான் எழுதியதுதான்: 'பாட்டி மறுபடி குடம் தூக்கணுமா?'

போன வாரம் அவசரத்தில் அதே தப்பைச் செய்தேன். திரையில் பாட்டி வந்தார். இந்த முறை காது கேட்டது.