உறையைக் கிழிச்சிடாதீங்க!

கீழ்வேளூரில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நாகப்பட்டினம். தஞ்சாவூரிலிருந்து 1861-லேயே வந்துவிட்ட பாதை இது. நாகையிலிருந்து கப்பலேறிப் பினாங்கு, சிங்கப்பூர் போன டெல்டாக்காரர்கள் ஏராளம். ஊருக்குக் கடிதம் வந்ததும் கப்பலில்தான்.

1854 முதல் 1867 வரை அக்கரையிலும் இந்தியத் தபால்தலைதான்! இங்கேயும் அங்கேயும் அதே விக்டோரியா ராணி. ஊரைக் காட்டிக்கொடுப்பது முத்திரை: ‘பி 147’ என்றால் பினாங்கு, ‘பி 172’ என்றால் சிங்கப்பூர். சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த முத்திரை விழுந்த முழு உறையை. தபால்தலையை மட்டும் ஊறவைத்து உரித்தால், யாருக்கு, எந்தத் தேதியில், எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் போச்சு.

பரணில் கடிதக் கட்டு இருக்கிறதா? எடைக்குப் போடும் முன் உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். வந்துசேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.