டிரம்மைக் கழட்டின கதை

கொலராடோல நாம ஓட்டறது 1986 டொயோட்டா பிக்கப். மலைப்பாதைல ஒரு ஓடையைத் தாண்டினா போதும், பின்பக்க பிரேக் டிரம்முக்குள்ள தண்ணியும் சேறும் புகுந்துக்கும். அப்புறம் பெடலை மிதிச்சா, பின்சக்கரம் ஏன்னு கூட கேக்காது. டிஸ்க்னா திறந்து கிடக்கு, சுத்தும்போதே தண்ணியை உதறிடும்.

சரின்னு ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். டிரம்மைக் கழட்டி, புது பிராக்கெட் மாட்டி, அதுல ஜிஎம் கார் ஒண்ணோட முன்சக்கர காலிப்பர். தங்கமணி பெடலை மிதிக்க, நான் கீழ படுத்து லைன்ல காத்து எடுத்தேன். (திட்டு தனி.)

ஒரு சிக்கல். ஹேண்ட்பிரேக் கேபிள் பழைய டிரம்முக்குள்ளதான் இழுக்கும். முன்சக்கர காலிப்பர்ல அதை மாட்ட இடமே கிடையாது. தெரிஞ்சுதான் செஞ்சேன், கியர்ல போட்டு நிறுத்தினா ஆச்சுன்னு.

வேலை முடிஞ்சு டயர் கட்டையை எடுத்தேன். வண்டி நியூட்ரல்ல இருந்தது. வீட்டு வாசல் சரிவு. பின்னாடி தங்கமணி டூல்ஸ் பொறுக்கிட்டு இருந்தா. எப்படி உள்ள பாய்ஞ்சு மிதிச்சேன்னு இன்னும் ஞாபகமில்லை. ஒரு அடி தள்ளி நின்னுச்சு.

"பிரேக் மாத்தினேன்னு சொன்னீங்க?"ன்னா.

ஹேண்ட்பிரேக்கோட வர்ற பழைய காடிலாக் எல்டராடோ காலிப்பர் தேடிட்டு இருக்கேன். அதுவரைக்கும் நாலு டயருக்கும் கட்டை.