அச்சை நம்பலாமா?

மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அச்சுன்னா 'டை'. எங்க ஐயம்பேட்டையில அச்சுன்னா தறியில இருக்கிற சீப்பு மாதிரியான சாமான். பாவு இழைகள் அதோட பல்லுகளுக்கு நடுவுல புகுந்து வரும். ஊடையை அடிச்சு நெருக்குறதும் அதுதான்.

போன வருஷம் அப்பாவோட தறிக்கு அச்சு மாத்த வேண்டியிருந்தது. "அதே நம்பர், பாதி விலை, வாங்கிடலாம்ப்பா"ன்னு சொன்னது நான். இன்ஜினியரிங் படிக்கிற பையன் சொல்றானேன்னு அவரும் வாங்கிட்டார். முதல் முழத்துலயே சேலை உடம்புல நீளவாக்குல ரெண்டு கோடு. அச்சை மாத்தணும்னா ஆயிரக்கணக்கான இழைகளை மறுபடி கோர்க்கணும். பல்லை நிமிர்த்திப் பார்த்தார். கோடு மங்குச்சே தவிர போகல. கூலியில பிடிச்சாங்க. அப்பா என்னைத் திட்டவே இல்ல. அதுதான் தாங்க முடியல.

அப்புறம் ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவுல ரைஃபிள் வெச்சிருக்கிறவங்க சிலர், சுட்ட தோட்டாவோட பித்தளைக் கூட்டை வீட்டுலயே மறுபடி நிரப்புறாங்க. (இங்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். ஆசைப்படாதீங்க!) சுடும்போது கூடு விரியும். அதை டைக்குள்ள அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வரணும். டை தளர்வா இருந்தா கூடு துப்பாக்கிக்குள்ள சரியா உட்காராது. ரொம்ப இறுக்கினா பித்தளை சீக்கிரமே விரிசல் விடும். டைக்குள்ள சின்னப் பிசிறு இருந்தா ஒவ்வொரு கூட்டுலயும் அதே கீறல். அதனால டப்பாவுல எழுதியிருக்கிறதோட நிறுத்தாம, வெளியே வர்ற கூட்டை அளந்து பார்க்கிறாங்க.

அதே இடத்துல அதே கீறல்! எங்க சேலைக் கோடும் அதேதானே?

இப்போ அச்சு வாங்கப் போனா மூணு விஷயம் பார்ப்பேன். ஒண்ணு, ஸ்டாக்போர்ட் கணக்குப்படி 100-ம் நம்பர் அச்சுன்னா 2 அங்குலத்துல 100 கண் இருக்கணும். நாலு இடத்துல எண்ணுவேன். ரெண்டு, வெளிச்சத்துக்கு நேரா பிடிப்பேன். வளைஞ்ச பல்லு இருந்தா அந்த இடத்துல இடைவெளி மாறித் தெரியும். மூணு, கழிவுப் பட்டு இழையைப் பல்லுமேல இழுப்பேன். பிசிறு இருந்தா சிக்கும்.

இந்தப் பொங்கலுக்கு முன்னாடி புது அச்சு வாங்கப் போனோம். நான் எண்ணுறதைப் பார்த்துக் கடைக்காரர் சிரிச்சார். அப்பா, "எண்ணட்டும், இருங்க"ன்னார்.

நீங்களும் ஒர்க்ஷாப்ல டை, டேப் எதை எடுத்தாலும் மேல பொறிச்சிருக்கிற நம்பரோட நின்னுடாதீங்க. ஒரு துண்டு போட்டு அளந்து பாருங்க. நாம அளக்காம விட்டதுக்கு வேற யாரோ கூலி இழக்க வேண்டாம்.