வெறுந்துவக்கு

2008 ஆகஸ்ட் 11 ஆம் திகதி பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியா பெற்ற முதலாவது ஒலிம்பிக் தங்கம் அது. விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பானவர் அன்று விடுமுறையில் இருந்தார். பெட்டிச் செய்தி எழுதும் பணி என் தலையில் விழுந்தது. துவக்குப் போட்டியாளர்கள் தோட்டா இல்லாமலேயே மணிக்கணக்காக விசையை அழுத்திப் பயிற்சி பெறுவதை விபரித்துவிட்டு, 'இதனால் துவக்குக்கு எவ்விதச் சேதமும் ஏற்படாது' என்று ஒரு வசனத்தையும் சேர்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

சில நாட்களில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆயுதங்களைத் திருத்தும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துவக்கு என்று குறிப்பிடாமல் சேதமில்லை என எழுதுவது, எந்தக் காளான் என்று சொல்லாமல் சமைத்து உண்ணலாம் என்பதைப் போன்றது என்று கண்டித்திருந்தார்.

அவர் கூறியது சரியே. இராணுவ ரைபிள்களிலும் பெரிய வேட்டை ரைபிள்களிலும் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிப்பாகத்து நடுவில் இருக்கும். அறை வெறுமையாக இருந்தால் ஊசி முன்னே பாய்ந்து, தனது தடுப்பில் முட்டி நின்றுவிடும். எதிரே அது மோதுவதற்கு உலோகம் இல்லை. எனவே நவீன ரைபிள்களில் பெரும்பாலானவை இதைத் தாங்கும். 0.22 ரைபிளின் கதை வேறு. அதன் தோட்டாவில் மருந்து விளிம்பில் இருப்பதால் ஊசியும் விளிம்பிலேயே அடிக்கும். தோட்டா இல்லாதபோது அந்த அடி அறையின் வாயோரத்தில் விழக்கூடும். நாளடைவில் அங்கு பள்ளம் விழும். ஊசி முனை மழுங்கும். தோட்டா உட்செல்லவும் வெளிவரவும் மறுக்கும். ரூகர் 10/22 போன்ற சிலவற்றில் ஊசி அவ்வளவு தூரம் செல்லாதவாறு தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஏனையவற்றுக்குப் போலித் தோட்டா வேண்டும். சுவரில் திருகாணி பதிக்கப் பயன்படும் பிளாஸ்டிக் உறையை அறைக்குள் செருகிச் சமாளிப்பவர்களும் உண்டு!

நான் எழுதப் புகுந்த எயார் ரைபிளிலும் தவறிழைத்திருந்தேன். சுருள்வில்லால் இயங்கும் வகையில், குண்டு இல்லாவிட்டால் காற்றின் எதிர்ப்பு கிடைக்காது. உந்துதண்டு முழு வேகத்துடன் முகப்பில் மோதி, அடைப்பானையும் வில்லையும் பாழாக்கும். ஒலிம்பிக் தரத்துத் துவக்குகளில் விசை மாத்திரம் இயங்குவதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. பயிற்சி சாத்தியமாவது அதனாலேயே.

நான்கு வரித் திருத்தம் வெளியிட்டோம். ஆனால் அந்தக் கடிதம் என்னை உறுத்தியதற்கு வேறொரு காரணம் இருந்தது. இதே பாடத்தை எனக்கு ஒருவர் ஏற்கெனவே கற்பித்திருந்தார்.

எனது தந்தையார் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தார். துரை பங்களாவில் ஒரு 0.22 ரைபிள் இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் பூசுபவர் பங்களா வேலையாளான ஒரு முதியவர். 1981 இல், எனக்குப் பதினொரு வயது. அவர் துணி எடுக்க உள்ளே சென்ற நேரம் பார்த்து ரைபிளைத் தூக்கி விசையை அழுத்தினேன். 'டக்' என்றது. ஓடிவந்து பறித்துக்கொண்டார்.

"வெறுந்துவக்க அமுக்காதீங்க தம்பி, ஊசி மொண்ணையாயிரும்" என்றார்.

துரையின் பொருள் கெட்டால் தன் வேலை போய்விடுமென்று அஞ்சுகிறார் என்றே அன்று எண்ணினேன். பின்னர், தோட்டத்துக் கட்டுக்கதை என்று ஒதுக்கினேன். 2008 இல் அந்த வசனத்தை எழுதியபோது என் மனதில் இருந்தது அந்த அலட்சியமே என்று நினைக்கிறேன்.

கடிதத்தைப் படித்த இரவுதான் அந்தக் காட்சி முழுமையாக நினைவுக்கு வந்தது. பறித்தவுடன் அவர் பேசவில்லை. முதலில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். அறையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி உற்றுப் பார்த்தார். அவரது கை நடுங்கியது. அதன் பின்னரே ஊசியைப் பற்றிச் சொன்னார்.

நான் குறிபார்த்த திசையில், விறாந்தைப் படியில், என் தம்பி உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தான்.